கார்புரேட்டர் கிட் போட்ட பிறகும் ஜீப் ஏன் ஐட்லிங்கில் அணைந்து போகிறது?

பழைய ஜீப் வைத்திருப்பவரிடம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைப் பார்த்தாச்சா என்று கேட்டால், "புது கிட் போட்டாச்சே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனாலும் சிக்னலில் வண்டி நின்று போகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சு வாங்குகிறது, பிளக்கைக் கழற்றினால் கரி. கிட்டில் வருவது நீடிலும் சீட்டும் (பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வு), ஆக்சிலரேட்டர் பம்ப், நாலைந்து பேக்கிங், ஒரு ஸ்பிரிங். எழுபது, எண்பது ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் இவை அல்ல. தேய்ந்தது த்ராட்டில் ஷாஃப்ட்டும் (காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளை தட்டைச் சுமக்கும் கம்பி) அதைத் தாங்கும் ஓட்டையும். வளைந்தது மூடியும், மேனிஃபோல்டில் உட்காரும் அடிமுகமான ஃப்ளேஞ்சும். இந்த இரண்டுக்கும் எந்தக் கிட்டிலும் மருந்து கிடையாது. அதற்கு லேத்தும் கண்ணாடிப் பலகையும்தான் வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் கார்ட்டர் டபிள்யூஓ கார்புரேட்டர். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் செய்யப்பட்டது. ராணுவ ஜீப்பில் வந்தது 539எஸ். பின்னால் வந்த சிவில் சிஜே ஜீப்புகளில் அதன் தம்பிகள் வந்தன. ஒற்றைத் தொண்டை, டவுன்டிராஃப்ட் (காற்று மேலிருந்து கீழே இறங்கும் வகை), கையால் இழுக்கும் சோக். 2,199 சிசி, 60 குதிரைத்திறன் கொண்ட கோ டெவில் எஞ்சினுக்கு இது போதும். உங்கள் ஜீப்பில் சோலெக்ஸ் என்ற வேறு கம்பெனிக் கார்புரேட்டர் இருந்தால் கீழே வரும் அளவுகள் பொருந்தாது, ஆனால் வேலையின் வரிசையும் ஏர் லீக் பற்றிய பகுதியும் அப்படியே பொருந்தும்.

கழற்றும் முன்

கார்புரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் மற்றவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030, டேப்பட் (வால்வு) இடைவெளி 0.014. கண்டென்சர் செத்திருந்தாலும் பிக்கப் மூச்சு வாங்கும், அதைப் பார்ப்பவருக்குக் கார்புரேட்டர் கோளாறு மாதிரியேதான் தெரியும். எஞ்சினுக்குக் கலவை போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். முள் அசையாமல் 12, 13-ல் நின்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒரே தாளத்தில் துள்ளினால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. அதைக் கார்புரேட்டரில் தேடிப் பயனில்லை.

இன்னொரு இடம் பெரும்பாலான மெக்கானிக்குகளின் கண்ணில் படுவதில்லை. இந்த ஜீப்பில் கிராங்க்கேஸ் புகையை இன்டேக் மேனிஃபோல்டுக்கு இழுக்கும் ஒரு சிறிய வால்வு உண்டு. இன்றைய கார்களின் பிசிவி வால்வுக்கு மூத்தது. அது கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால், கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்தாலும் ஐட்லிங் நிலைக்காது. குழாயைக் கழற்றி, வால்வின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். ஐட்லிங் உடனே சீரானால் குற்றவாளி அதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே இருக்கும் பாகம் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்குள் துரு இருந்தால் புதுப்பித்த கார்புரேட்டரும் சில நாளிலேயே அடைத்துக்கொள்ளும். டேங்க்கைக் கழற்றிப் பெட்ரோல் வாடை முழுக்கப் போகும்வரை அலசி, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கலந்த வெந்நீரை ஓர் இரவு நிரப்பி வையுங்கள். மறுநாள் வடித்து, ஆப்ப சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காய வைத்து, கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றி விடுங்கள். இந்தக் கரைசல் இரும்பு டேங்குக்கு மட்டும்தான். கார்புரேட்டர் அதன் பக்கமே போகக் கூடாது.

பிரிப்பதும் கழுவுவதும்

வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பவுடர் அணைப்பான் ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிங்கேஜ் எந்த ஓட்டையில் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்பதை நாலு கோணத்தில் படம் எடுங்கள். மூடி ஸ்க்ரூக்கள் சுலபத்தில் வராது. முந்தைய இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு, தலைக் காடிக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரை வைத்து, லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

ஸ்க்ரூ தொலைந்தால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும் மெட்ரிக் எம்4-ஐ வாங்கித் திணிக்கும் பழக்கம் நிறைய கார்புரேட்டர்களைக் கொன்றிருக்கிறது. இவை 8-32, 10-32 போன்ற அமெரிக்க இழைகள். 8-32-ன் பிட்ச் 0.79 மி.மீ., எம்4-ன் பிட்ச் 0.7. இரண்டு சுற்று உள்ளே போகும், மூன்றாவதில் துத்தநாகக் கலவை உடம்பின் இழையை உரித்துவிடும். புதுப்பேட்டையில் பழைய அமெரிக்கக் கார்புரேட்டர் ஒன்றை உதிரிக்கென்றே வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவு மாதிரி ஒட்டியிருந்தால் அது துத்தநாகம் அரித்ததன் எச்சம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே படியும். இன்று பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில், மாதத்துக்கு இரண்டு நாள் ஓடும் ஜீப்பின் கிண்ணம் இந்த அரிப்புக்குத் தோதான இடம்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், அதன்பின் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே. இவை போதும். அல்ட்ராசானிக் தொட்டி கிடைத்தால் 50, 60 டிகிரி வெந்நீரில் மிதமான சோப்பு விட்டு 10 நிமிடம். நைனியப்ப நாயக்கன் தெருவில் விற்கும் ஆசிட்டிலோ காஸ்டிக் சோடாவிலோ ஊற வைத்தால் வெளியே எடுக்கும்போது பளபளவென்றிருக்கும். ஆனால் இரண்டுமே துத்தநாகத்தைத் தின்னும், பளபளப்போடு சேர்த்து அளவுகளும் கரைந்து போயிருக்கும். ஸ்பிரே அடிக்கும் முன் தோல், ரப்பர், பேக்கிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டையில் அடித்த ஸ்பிரே இன்னொரு ஓட்டை வழியாக நேரே கண்ணுக்குத்தான் வரும்.

பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையான ஜெட்டுக்குள் சேஃப்டி பின்னையும் கிளட்ச் கேபிள் இழையையும் விட்டுக் குத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பித்தளை மெத்தென்றது, எஃகு அதைக் கீறிவிடும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, மைலேஜில் தெரியும். மின்வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்பு இழையோ பிரஷ்ஷின் நைலான் முடியோ போதும். ஐட்லிங் கோளாறுக்கு முதல் சந்தேகம், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட். அது மெலிந்த குழாய், அடி ஓட்டை மிகச் சிறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஐட்லிங் பாதைகளின் முனையைச் சின்னப் பித்தளை அடைப்புகளால் மூடியிருப்பார்கள். ஸ்பிரே ஒரு வழியாகப் போய் மறுவழியாகப் பீய்ச்சவில்லை என்றால் அந்த அடைப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நடுவில் சிறு ஓட்டை போட்டு, மெல்லிய ஸ்க்ரூவை ஏற்றி, அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். திரும்ப அடைக்கப் புது அடைப்பு கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஷாஃப்ட்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். த்ராட்டில் ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தாலே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போட்டால் ஏன் என்று விளங்கும். 8 மி.மீ. ஷாஃப்ட்டில் 0.2 மி.மீ. ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் சந்தின் பரப்பு ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 2.5 சதுர மி.மீ. அது ஏறக்குறைய 1.8 மி.மீ. விட்டமுள்ள ஓட்டைக்குச் சமம். இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டு ஓட்டை. பட்டர்ஃப்ளை கிட்டத்தட்ட மூடியிருக்கும் ஐட்லிங்கில், பட்டர்ஃப்ளையைத் தாண்டிய இடத்தில் இவ்வளவு காற்று கணக்கில் வராமல் நுழைகிறது. அதுவும் ஒரே அளவில் நுழைவதில்லை. ஸ்பிரிங் இழுக்கும் திசையைப் பொறுத்து ஷாஃப்ட் ஒரு பக்கம் சாய்கிறது, ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் வேறு இடத்தில் உட்கார்கிறது. அதனால்தான் காலையில் சரியாக இருந்த ஐட்லிங் மதியம் சரியாக இருப்பதில்லை. மெக்கானிக், ஐட்லிங் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்சர் ஸ்க்ரூவைக் கூடுதலாகத் திறந்து, ரேஸை (ஐட்லிங் வேகத்தை) ஏற்றி வைத்து அனுப்புகிறார். ஐட்லிங் நிலைக்கிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, பிளக் கறுக்கிறது. உடனே மெயின் ஜெட் பெரிதாகிவிட்டது என்று அடுத்தவர் ஜெட்டில் கை வைப்பார்.

சரிசெய்யும் முறை: பட்டர்ஃப்ளை ஸ்க்ரூக்களின் பின்முனையைக் கம்பெனியிலேயே தட்டி விரித்திருப்பார்கள். விரித்த பகுதியை அரத்தால் சமமாக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டின் இழை போகும். பட்டர்ஃப்ளையின் விளிம்பு சாய்வாகக் கடையப்பட்டது, ஆகவே எந்தப் பக்கம் மேலே, எந்த விளிம்பு ஸ்க்ரூ பக்கம் என்று கழற்றுமுன் குறியிடுங்கள். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், பட்டர்ஃப்ளை உட்காரும் நடுப்பகுதியை விட ஓட்டைக்குள் இருக்கும் பகுதி மெலிந்திருந்தால் புது ஷாஃப்ட் வேண்டும். பிறகு கீழ்ப்பாகத்தை கிண்டியிலோ அம்பத்தூரிலோ சிறு வேலையும் எடுத்துச் செய்யும் ஒரு நல்ல லேத்துக்குக் கொண்டு போங்கள். கீழ்ப்பாகம் மட்டும் வார்ப்பிரும்புதான், கடைவது கடினமில்லை. இரண்டு ஓட்டைகளையும் ஒரே செட்டிங்கில், ஒரே நேர்கோட்டில் கடைந்து, சுவர் 1 மி.மீ. அல்லது ஒன்றரை மி.மீ. உள்ள வெண்கலப் புஷ் இறுக்கி, கடைசியாக ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விட்டு 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். கையால் பிடித்து டிரில் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ஓட்டையும் கோடு விலகினால் ஷாஃப்ட் இறுகும், ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஓடும் வண்டியில் அது உயிருக்கே ஆபத்து.

திரும்பப் பூட்டும்போது பட்டர்ஃப்ளை ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்வாக வைத்து, ஷாஃப்ட்டை நாலைந்து முறை டக்கென்று மூட விட்டால் தட்டு தானே நடுவில் உட்காரும். டார்ச்சை அடியில் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் மயிரிழை ஒளி சமமாகத் தெரிந்தால் இறுக்கலாம். இழைக்கு லாக்டைட் பசை, அதற்கு மேல் பின்முனையை மறுபடி விரித்தல், இரண்டும் வேண்டும். இந்த ஸ்க்ரூ கழன்றால் விழும் இடம் சிலிண்டர்.

ஃப்ளேஞ்ச் முகத்தையும் மூடி முகத்தையும் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் சோதியுங்கள். 0.1 மி.மீ. நுழைந்தால் சமப்படுத்த வேண்டும். தடித்த கண்ணாடி மேல் 220 எமரி பேப்பரை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்து, 400-ல் முடியுங்கள். லீக் அடைக்கிறேன் என்று சிலிக்கோன் பூசக் கூடாது. பெட்ரோலில் அது ஊறி நூல்நூலாகப் பிரிந்து ஜெட்டில் உட்காரும். முகம் சமமாக இருந்தால் எதுவும் பூசாத பேக்கிங் ஒன்றே போதும்.

தோல், ஃப்ளோட், ராட்

ஆக்சிலரேட்டர் பம்பின் வேலை, திடீரென்று மிதிக்கும்போது ஒரு பீய்ச்சல் பெட்ரோல் தருவது. பழைய பம்பில் தோல் வாஷர் இருக்கும். வண்டி நின்றால் காய்ந்து சுருங்கும், பிக்கப் போகும். புதுத் தோலையும் பூட்டுமுன் ஓர் இரவு எஞ்சின் ஆயிலில் ஊற வையுங்கள். கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம், அதற்குச் சென்னையை விட நல்ல ஊர் இல்லை. பெரியமேட்டில் பட்டையில் பதனிட்ட தோல் ஒன்றரை மி.மீ. கனத்தில் கேளுங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அதே வகைத் தோல். குரோம் தோல் மெத்தென்றிருக்கும், கிண்ண வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. வட்டமாக வெட்டி, வெந்நீரில் நனைத்து, பம்ப் சிலிண்டரின் உள்விட்டமுள்ள ஓட்டைக்குள் கட்டையால் அழுத்திக் காய வைத்தால் கிண்ணமாகும். அதற்குப் பிறகு ஆயில். பம்ப் அடியில் உள்ள செக் வால்வும் (ஒருவழி வால்வு) பீய்ச்சும் பக்கத்துச் செக் வால்வும் சுத்தமாக இல்லாவிட்டால் புதுத் தோலும் வீண். கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி விரலால் பம்பை அழுத்துங்கள். நேர்கோடாக, முறியாமல் பீய்ச்ச வேண்டும்.

கிண்ணத்தில் மிதந்து நீடிலைத் திறந்து மூடும் பித்தளை ஃப்ளோட்டை நன்றாகச் சூடான நீரில் முக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. உள்ளே போன பெட்ரோலை முழுக்க வெளியேற்றாமல் சூடு காட்டினால் வெடிக்கும், கேஸ் டார்ச் நெருப்பை நினைக்கவே வேண்டாம். நன்றாகக் காய வைத்து, சால்டரிங் அயர்னால் ஒரு துளி ஈயம் மட்டும். ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து ஆழமாக மிதக்கும், கிண்ணத்தில் மட்டம் ஏறும்.

ஃப்ளோட் அளவு 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. பேக்கிங்கை எடுத்துவிட்டு, மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மூடிக்கும் ஃப்ளோட்டின் நுனிக்கும் இடையில் அளக்க வேண்டும். வெர்னியரை விட வசதி, 3/8 அங்குல டிரில் பிட்டின் மழுங்கிய தண்டு. அது உரசியும் உரசாமலும் போக வேண்டும். சரிசெய்ய, நீடிலைத் தொடும் ஃப்ளோட்டின் நாக்கை மட்டும் வளையுங்கள். ஃப்ளோட்டை அழுத்தி வளைத்தால் நீடிலின் ரப்பர் முனையில் தடம் விழும், மறுநாளே ஓவர்ஃப்ளோ. முனை விட்டான் என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும், சாதாரண ரப்பர் எத்தனாலில் ஊதும்.

அளவு சரியாக இருந்தும் வழிந்தால், டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பெட்ரோல் பம்பைப் பாருங்கள். இந்த நீடிலுக்கு ஏற்ற அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டரை பிஎஸ்ஐ. 4, 5 பிஎஸ்ஐ தள்ளும் எலக்ட்ரிக் பம்பை மாட்டிவிட்டு நீடிலைக் குறை சொல்வது நியாயமில்லை. ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது பழைய மெக்கானிக்கல் பம்புக்கே டயாஃப்ரம் மாற்றுங்கள்.

மெயின் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் மீட்டரிங் ராட்தான் இந்தக் கார்புரேட்டரின் உயிர்நாடி. பட்டர்ஃப்ளை திறக்கத் திறக்க ராட் மேலேறும், மெலிந்த பகுதி ஜெட்டுக்குள் வரும், பெட்ரோல் கூடும். ராட் ஒரு பக்கம் உரசித் தேய்ந்திருந்தால் ஜெட்டும் முட்டை வடிவமாகியிருக்கும், ஆகவே இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். உயரத்தைப் பார்க்கக் கார்ட்டர் தந்த கேஜ் 2.718 அங்குலம், அதாவது 69.04 மி.மீ. பித்தளைக் கம்பியில் லேத்காரர் இதைக் கடைந்து தருவார். வரிசை முக்கியம்: முதலில் ஆக்சிலரேட்டர் பம்ப் ஸ்ட்ரோக்கை 17/64 அங்குலத்துக்கு வையுங்கள், அதன் பிறகே ராட். இரண்டும் ஒரே லிங்கேஜில் தொங்குகின்றன, மாற்றிச் செய்தால் முதல் வேலை வீணாகும்.

டியூனிங்

மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இறுக்கி முட்டினால் கூர்முனையில் வளையம் விழும். புல்லட்டில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. பைக்கின் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இங்கே அப்படியே எதிர், உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மழைக்காலத்தில் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது சகஜம். வேக்குவம் கேஜைப் பார்த்தபடி மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே கொண்டு போங்கள், முள் இறங்கத் தொடங்கும். அங்கிருந்து வெளியே வாருங்கள், முள் உச்சத்தில் நிற்கும் இடம்தான் சரியான இடம். ரேஸை 600 ஆர்பிஎம்முக்கு இறக்கி, மிக்சரை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஃப்ளேஞ்ச் பக்கம் லீக் சந்தேகமா? தண்ணீர் ஸ்பிரே பாட்டிலால் மெல்லத் தூவுங்கள், லீக் இருந்தால் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறும். சூடான மேனிஃபோல்டில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சோதிப்பது தீயோடு விளையாடுவது.

20 விழுக்காடு எத்தனாலில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எரிய வேண்டிய காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம் சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. ஜெட் பழையதாகவே இருந்தால் எஞ்சின் எட்டு விழுக்காடு அளவுக்கு லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும். ஐட்லிங்கில் மிக்சர் ஸ்க்ரூ கால் சுற்று கூடுதலாகத் திறந்தால் சரியாகும். ஓட்டத்தில் லீனா என்பதை அறிய ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) மாதிரிச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்த பீங்கானும் ஏற்றத்தில் பின்வாங்கலும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் ஜெட்டைத் தொடுங்கள். வழியின் பரப்பு எட்டு விழுக்காடு கூட வேண்டும் என்றால், நடுவில் ராட் இருப்பதால் ஜெட்டின் விட்டம் நாலு விழுக்காட்டுக்கும் குறைவாகக் கூடினாலே போதும். அந்த வேலைக்குக் கை ரீமர்தான், டிரில் பிட் அல்ல.

மே மாத வெயிலில் ஓடி நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்திருக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் வரும் தடித்த சூடு தடுக்கும் பேக்கிங்கை மெல்லியதாக மாற்றிவிட்டார்களா, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டுத் தகடு சூடான பக்கமே சிக்கியிருக்கிறதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாய் மாற்றும்போது ஜே30ஆர்9 என்று அச்சிட்டதாக வாங்குங்கள். சாதாரணக் குழாய் எத்தனாலில் உள்பக்கம் உரிந்து, அந்தத் துகளும் நீடிலில் போய்த்தான் உட்காரும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் டேங்க்கை முழுக்க நிரப்புங்கள், ஈரக் காற்றுக்கு இடம் இருக்காது. டேங்கிலிருந்து பெட்ரோல் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைத்துவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓட விட்டு நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் தோல் காயாமலிருக்க அதன் மேல் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள்.